அக்கரையில் நிற்பவன் யார்?



பாக் நீரிணையில் ஓர் இரவு நடப்பது ஒரே சம்பவந்தான். மறுநாள் காலையில் அது இரண்டு செய்திகளாகி விடுகிறது. இக்கரையில் வெளியாகும் தமிழ்ப் பத்திரிகை, தமிழக மீனவர் கைது என்று கொட்டை எழுத்தில் போடுகிறது. அக்கரையில் வெளியாகும் தமிழ்ப் பத்திரிகை, இந்திய இழுவைப் படகுகள் அத்துமீறல், வலைகள் நாசம் என்று அதே அளவு கொட்டை எழுத்தில் போடுகிறது. இரண்டும் பொய்யல்ல, இரண்டும் பாதி உண்மை. இக்கரைச் செய்தியில் அறுந்துபோன வலைக்கு ஒரு வரி கிடையாது. அக்கரைச் செய்தியில், பிடிபட்ட படகிலே கூலிக்குப் போனவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இந்த இரண்டு வரிகளை அழித்தவர்கள் யார்? அழித்ததால் யாருக்கு இலாபம்? உழைத்துப் பிழைக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இராமேசுவரத்துத் தொழிலாளிக்கு அக்கரை என்றதும் நினைவுக்கு வருவது துப்பாக்கி ஏந்திய கடற்படைச் சிப்பாய். நெடுந்தீவுத் தொழிலாளிக்கு இக்கரை என்றதும் நினைவுக்கு வருவது, இரவில் தன் கடலுக்குள் வரிசை வரிசையாக வந்து நிற்கும் படகு விளக்குகள். இவன் கண்ணில் படுவது சிப்பாய். அவன் கண்ணில் படுவது விளக்கு. ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதே இல்லை. பேசும் மொழி ஒன்று, செய்யும் தொழில் ஒன்று, சாப்பாடு ஒன்று. பலருக்குக் கும்பிடும் தெய்வமும் ஒன்று. இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் கள்வன் என்று நினைக்கும்படி ஆகிவிட்டது.

ஒரே சீட்டில் போன காலம்

இந்தக் குருட்டுத்தனம் பிறவியில் வந்ததல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் சீட்டு வாங்கியவன் அதே சீட்டில் கொழும்பு வரை போனான். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில். நடுவில் கிடந்த கடல் ஏறத்தாழ 30 கிலோ மீட்டர். போட் மெயில் என்று ஊர் அதை அழைத்தது. வேதாரணியத்துக் கரைக்கும் வல்வெட்டித்துறைக் கரைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் நாள் முழுதும் பாடியது.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. இதே வழியாகத்தான் கங்காணி ஆள் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். மலையைத் திருத்தித் தோட்டமாக்கிய அந்தத் தொழிலாளியை 1948-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவன் ஆக்கியது. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். சந்தையில் ஆடு மாடு பிரிக்கிறவன்கூட அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே அந்த மரியாதையும் இல்லை. உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று அந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

அப்படிப் பிரிக்கப்பட்டவனுக்கு அக்கரையில் வைத்த பெயர் கள்ளத்தோணி. கப்பலேறி இங்கே வந்தான். அவன் பாட்டன் பிறந்த மண்ணில் அவனுக்கு வைத்த பெயர் சிலோன்காரன். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அடைத்து வைக்க இலங்கை சர்க்கார் மண்டபத்தில் கட்டிய முகாமிலேதான் பின்னாளில் அகதிகளும் அடைக்கப்பட்டார்கள். எல்லை செய்கிற முதல் வேலை, மனிதனுக்கு ஒரு பட்டப் பெயர் வைப்பது. பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. பெயரைப் பார்த்தாலே போதும் என்றாகிவிடும்.

கோடு போட்டவர்கள்

கடலிலே கோடு போடும் வேலையை வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆரம்பித்தார்கள். 1921-ல் சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை பற்றிப் பேசினார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. 285 ஏக்கர் நிலம். குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கே போய்வரலாம், பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம் என்று அந்த ஒப்பந்தத்தின் 5-வது ஷரத்து சொல்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் கோடு விழுந்தது. அதையொட்டி இரு நாட்டு அதிகாரிகள் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது.

டில்லியும் கொழும்பும் பேசின, முடித்தன. பாம்பனில் ஒருவனைக் கேட்டார்களா? பேசாலையில் ஒருவனைக் கேட்டார்களா? இல்லை. இந்தக் குற்றத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆனால் தோழர்களே, இந்த இடத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிற மேடைகள்தான் நம் நாட்டில் அதிகம். கோட்டைத் திட்டிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பாட்டாளிகளின் பத்திரிகை அப்படி இறங்கிவிட முடியாது. கோடு மட்டுமே காரணமா என்று கேட்டாக வேண்டும்.

எல்லை இல்லாத இடத்தில் வந்த சண்டை

இதற்குப் பதில் நம் கரையிலேயே கிடக்கிறது. 1960-களில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறிற்று. சர்க்கார் மானியமும் கடனும் கொடுத்து இழுவைமடிப் படகுகளைப் பெருக்கியது. மீன் பிடிப்பதில் கை வைக்காத பணமெல்லாம் படகில் வந்து விழுந்தது. இழுவைமடி எப்படி வேலை செய்கிறது? வலையின் இரு புறமும் கனத்த பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும். விசையின் பலத்தால் அது கடலின் தரையை அடியோடு வாரிக்கொண்டு போகும். இறாலோடு குஞ்சும் வரும், முட்டையும் வரும், கடற்புல்லும் வரும். விலைபோகாத பொடிமீன் கோழித் தீவனத்துக்குப் போகும். நாட்டுப் படகுக்காரன் விரித்த வலை குறுக்கே கிடந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

1970-களில் நம் கடற்கரையில் விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் சண்டை மூண்டது. படகுகள் எரிந்தன; உயிர்களும் போயின. இரண்டு பக்கமும் தமிழ்நாட்டுக்காரனே. நடுவிலே எந்த நாட்டின் எல்லையும் இல்லை; எந்தக் கடற்படையும் இல்லை. அந்தச் சண்டையைத் தணிக்கத்தான் பாக் நீரிணையில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று முறை வந்தது. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று சொன்னது.

ஆகவே, கோட்டுக்கு அப்பால் இருப்பவனோடு நமக்கு வந்திருக்கும் தகராறு, கோட்டுக்கு இப்பாலே நாம் பார்த்த தகராறேதான். அன்று இழுவைமடி பாம்பன் நாட்டுப் படகுக்காரனின் வலையை அறுத்தது. இன்று நெடுந்தீவுக்காரனின் வலையை அறுக்கிறது. பாதிக்கப்பட்டவன் இந்த நாட்டுக்காரனாக இருந்தபோது அது தொழில் தகராறு. அவன் அந்த நாட்டுக்காரன் ஆனவுடன் அது நாட்டுப் பிரச்னை! பெயரை மாற்றிப் போட்டது யார்? அந்தப் பெயர் மாற்றத்தில் மறைந்து நிற்பவன் யார்?

போர் காலி செய்த கடல்

1983 ஜூலைக்குப் பிறகு அக்கரைத் தமிழன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தான். இராமேசுவரத்துக் கரையில் இறங்கியவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றியது சர்க்கார் அல்ல, கடற்கரைக் குடிசைகள். அந்த நாளில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதே போர் இன்னொன்றையும் செய்தது. பாதுகாப்பு என்ற பேரில் கொழும்பு சர்க்கார் வடக்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டது. ஏறத்தாழ இருபத்தாறு வருஷம் அந்தக் கடல் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்தது. நம் பக்கத்து விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. போகும் வழியில் கடற்படையின் குண்டுக்குப் பலர் பலியானார்கள். அந்தக் கொலைகளுக்கு இன்று வரை கணக்குத் தீர்க்கப்படவில்லை. அதை மறப்பவன் மனிதனல்ல.

2009-ல் போர் முடிந்தது. முகாமிலிருந்து வீடு திரும்பியவன், கடன் வாங்கிச் சிறு கண்ணாடியிழைப் படகு ஒன்றும் நைலான் வலையும் வாங்கினான். கடலுக்குப் போனான். அங்கே தன் தொழிலிடத்தில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகளைக் கண்டான். இன்று அவன் நம் ஊர் முறையை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். திங்கள், புதன், சனி என்று நம் விசைப்படகுகள் புறப்படும் நாள் அவனுக்கு மனப்பாடம். அந்த இரவுகளில் வலையை இழக்கப் பயந்து கரையிலேயே தங்கிவிடுகிறவர்கள் ஏராளம். வாரத்தில் மூன்று நாள் அவன் வேலையைப் பறித்தது கடற்படை அல்ல, புயலும் அல்ல. ஊமையாகச் சுற்றுகிற நம் ஊர் எஞ்சின்!

அவன் நிலைமையின் கொடுமையை இன்னும் கேளுங்கள். மன்னாரில் முள்ளிக்குளம் என்றொரு மீனவக் கிராமம். 2007-ல் மக்களை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. அந்த வட்டாரத்துத் தமிழனுக்குக் கடற்படை என்றால் தன் நிலத்தில் குந்தியிருக்கும் படை. ஆனால் வலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதே கடற்படையிடந்தான் போய் முறையிட வேண்டும். யாரிடமிருந்து காப்பாற்ற? தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் முழங்குகிற நம்மிடமிருந்து! பகைவன் என்று நினைத்தவனிடம் சொந்தக்காரனைப் பற்றிப் புகார் கொடுக்கும் நிலைமைக்கு ஒரு மனிதனைத் தள்ளியிருக்கிறோம் என்றால், அந்தச் சொந்தக்காரனைப் பற்றி அவன் என்ன நினைப்பான்?

இரு கரைச் சாவுகள்

2021 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. இடித்து மூழ்கடித்தார்கள் என்பது இக்கரையின் குற்றச்சாட்டு. தப்பியோடும்போது மோதியது என்பது கடற்படையின் விளக்கம். நால்வர் செத்தார்கள். அந்த நால்வரில் ஒருவன் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி. அங்கே வாழ முடியாமல் இங்கே வந்தவன், இங்கே பிழைக்க வழியில்லாமல் கூலிக்குப் படகேறி, தான் விட்டு வந்த கடலிலேயே போய்ச் செத்தான். அவனை எந்தக் கரையின் கணக்கில் எழுதுவது?

2022 ஜனவரிக் கடைசியில் வடமராட்சிக் கிழக்கிலிருந்து கடலுக்குப் போன இருவர் பிணமாக ஒதுங்கினார்கள். இந்திய இழுவைப் படகு மோதியதால் செத்தார்கள் என்று ஊரார் குற்றம் சாட்டினார்கள். வீதியை மறித்துப் போராடினார்கள். முதல் நால்வருக்காக நம் ஊரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள், நியாயம். இரண்டாவதாகச் செத்த இருவரைப் பற்றி நம் ஊர்த் தேநீர்க் கடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரு கரைக்காரரும் வருஷத்துக்கொரு முறை நேருக்கு நேர் கண்டு பேச ஓர் இடம் இருந்தது. அதுதான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 2024-ல் நம் மீனவருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து இக்கரை அதையும் புறக்கணித்தது. கோபம் நியாயமானது. ஆனால் கதவு சாத்தப்பட்டது யாருக்கு? கடற்படைக்கா? கொழும்பு சர்க்காருக்கா? எதிரே காத்திருந்தவனும் ஒரு வலைகாரன்தானே!

கச்சத்தீவு திரும்பி வந்தால்?

கச்சத்தீவு திரும்பி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் இருந்த உரிமையைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இழுவைமடி கச்சத்தீவோடா நிற்கிறது? நெடுந்தீவுக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அல்லவா போகிறது! கோட்டை நகர்த்தினாலும் அவன் வலை அறுந்துகொண்டுதான் இருக்கும்.

இழுவைமடித் தடை சிங்கள வெறியர்களின் சட்டம் என்கிறார்கள். 2017-ல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடிக்குத் தடை போட்டது உண்மை. அந்தத் தடைக்குத் தனிநபர் மசோதாவாக வித்திட்டவர் யார்? யாழ்ப்பாணத் தமிழரின் பிரதிநிதியான சுமந்திரன். அது இந்தியப் படகுக்கு மட்டும் போட்ட சட்டமும் அல்ல. யாழ்ப்பாணம் குருநகர்த் தமிழன் வைத்திருந்த இழுவைப் படகையும் அது தடுத்தது. தன் ஊர்க்காரன் வயிற்றிலும் கை வைக்கிற சட்டத்தை ஒரு சமூகம் கேட்டு வாங்கிக்கொள்கிறது என்றால், அதன் வேதனை எவ்வளவு ஆழமானது என்று நாம் உணர வேண்டும்.

அப்படியானால் நம் தொழிலாளி பட்டினி கிடப்பதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். படகில் போகிறவன் முதலாளி அல்ல. டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்துக்கொண்டு மிச்சத்தில் பங்கு வாங்குகிற கூலி அவன். பிடிபட்டால் அவன் சிறைக்குப் போகிறான். பல படகு வைத்திருப்பவன் கரையிலே இருக்கிறான். இறால் வாங்குகிற கம்பெனிக்காரன் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறான். ஒற்றைப் படகைக் கடனில் வாங்கிவிட்டுத் தவிக்கிற சிறு உடைமைக்காரனும் இருக்கிறான். அவனையும் பெரிய முதலாளியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இழுவைமடியை நிறுத்து என்று சொல்கிறவர்கள், அதை நம்பி வாழ்கிறவனுக்கு மாற்று வழியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாற்று வழி என்று டில்லி சர்க்கார் 2017-ல் ஒரு திட்டம் போட்டது. மூன்று வருஷத்தில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றி, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளைக் கொடுப்பதாகச் சொன்னது. ஒரு படகின் விலை 80 இலட்சம் ரூபாய். மானியம் போக மீதியைத் தொழில் செய்கிறவன் கையிலிருந்தும் கடன் வாங்கியும் கட்ட வேண்டும். பங்குக் கூலிக்காரனுக்கு எந்த பாங்கி கடன் கொடுக்கும்? வருஷங்கள் ஓடின, இலக்கின் பக்கத்தில்கூடத் திட்டம் வரவில்லை. படகுக்குத் திட்டம் போட்டவர்கள் படகோட்டிக்குத் திட்டம் போடவில்லை.

நம் வேலை

இந்தத் தகராறைத் தீர்க்க முடியாது என்பது பொய். 2010 ஆகஸ்டில் அக்கரை மீனவர் பிரதிநிதிகள் சென்னைக்கு வந்து இக்கரைப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருஷத்துக்குள் இழுவைமடியைக் கைவிடுவது, அது வரை குறிப்பிட்ட நாட்கள் மட்டும் தொழில் செய்வது என்று அவர்களுக்குள் உடன்பாடு கண்டார்கள். கோட்டும் தலைப்பாகையும் போட்ட தூதர்களால் முடியாததை, லுங்கி கட்டியவர்கள் முடித்துக் காட்டினார்கள். அதற்கு உயிர் கொடுக்க இரண்டு சர்க்காரும் முன்வரவில்லை. 2016 நவம்பரில் டில்லியில் மறுபடியும் பேசி, கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைத்தார்கள். குழு இருக்கிறது, வலையும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது.

கடற்கரைக் கிளைகளில் வேலை செய்யும் தோழர்கள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. சிறையிலிருக்கும் தொழிலாளரை விடுதலை செய். கடலில் எவன் மீதும் துப்பாக்கி தூக்காதே. இழுவைமடியை நாள் குறித்து நிறுத்து. நிறுத்தும் நாளிலிருந்து படகுத் தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் கொடு. மாற்றுப் படகைத் தனி முதலாளிக்குக் கொடுக்காமல் தொழிலாளர் கூட்டுறவுக்குக் கொடு. அறுந்த வலைக்கு இரு சர்க்காரும் சேர்ந்து நஷ்ட ஈடு கொடு. இரு கரைச் சங்கங்களும் வருஷந்தோறும் நேரில் கூடிப் பேச வழி செய். 1983-ல் கலவரத்தோடு அறுந்த கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி தொடங்கியது. அதில் வியாபாரிகளும் சுற்றுலாக்காரரும் மட்டுந்தான் போக வேண்டுமா? சங்கத் தோழர்களும் போகட்டும்.

இவற்றையெல்லாம் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மண்டபத்திலும் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் கல் வரலாம். துரோகி என்ற பட்டமும் வரலாம். கைதட்டு வாங்க நமக்கு ஆயிரம் மேடை உண்டு. உண்மையைச் சொல்வதற்கு இருப்பது ஒரு மேடைதான். அது நம்முடைய மேடை.

கடைசியாக ஒரு சொல். நாம் மீனவர் என்று சொல்கிறவனை யாழ்ப்பாணத்தில் கடற்றொழிலாளி என்று சொல்கிறார்கள். சங்கப் பலகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் போடுகிறார்கள். இக்கரை அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொள்ளட்டும். கள்ளத்தோணி, சிலோன்காரன், அத்துமீறியவன், அகதி என்று எல்லை வைத்த பெயர்கள் அத்தனையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அக்கரையில் நிற்பவன் கடற்றொழிலாளி. இக்கரையில் நிற்பவனும் கடற்றொழிலாளி. மே தினத்தில் நாம் எழுப்புகிற முழக்கம் தனுஷ்கோடி மணலோடு நின்றுவிடுகிற முழக்கமா, கடல் தாண்டிக் கேட்கிற முழக்கமா என்பதை இந்த 30 கிலோ மீட்டர் தண்ணீர் சோதித்துப் பார்க்கிறது.

மடியைச் சுருட்டு! தோழனுக்குக் கை நீட்டு!